பெயருக்குப் பின்னால் வரும் எழுத்துகளை மாற்றுவது யார்?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் அமெரிக்காவில் மனநல ஆலோசகராக இருக்கிறார். வட கரோலினாவில் எல்.பி.சி. (லைசென்ஸ்டு புரொஃபெஷனல் கவுன்சலர்) என்ற உரிமம் வாங்கியவர். 2020இல் அவர் எதுவும் செய்யாமலேயே அது எல்.சி.எம்.எச்.சி. (லைசென்ஸ்டு கிளினிக்கல் மென்டல் ஹெல்த் கவுன்சலர்) ஆகிவிட்டது. இப்போது ஒஹாயோவுக்குக் குடிபோகிறார். அங்கே எல்.பி.சி. என்றால் மேற்பார்வையின் கீழ் வேலை பார்ப்பவராம். தனித்து இயங்குபவருக்கு எல்.பி.சி.சி. (லைசென்ஸ்டு புரொஃபெஷனல் கிளினிக்கல் கவுன்சலர்) என்று வேறு பெயராம். "எத்தனை தடவைதான் பெயரை மாற்றிக்கொள்வது? சட்டம் மாறினால் என் தகுதியும் மாறிவிடுமா? பழைய எழுத்துகளை இனி போட்டுக்கொள்ளலாமா, கூடாதா?" இவைதான் கேள்விகள்.

ஆலோசகர்களின் உரிம விண்ணப்பங்களையும் இன்சூரன்ஸ் பதிவுகளையும் கவனிப்பது என் பிழைப்பு. அதனால் இந்த எழுத்துக் கூட்டங்களோடு தினமும் மல்லுக்கட்டுகிறவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். உங்கள் படிப்பு மாறாது. உரிமத்துக்காக இன்னொருவர் மேற்பார்வையில் நீங்கள் வேலை பார்த்து முடித்த மணி நேரங்களும் எங்கும் போய்விடாது. ஆனால் அந்தப் படிப்பையும் அனுபவத்தையும் வைத்துக்கொண்டு நீங்கள் என்ன செய்யலாம், உங்களை என்னவென்று அழைத்துக்கொள்ளலாம் என்ற இரண்டையும் தீர்மானிப்பது மாநிலச் சட்டம். சிக்கல் என்னவென்றால், இந்த இரண்டும் சேர்ந்தே மாறும் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் தனித்தனியாகத்தான் மாறுகின்றன. பெயர் மாறி வேலை அப்படியே இருக்கும். பெயர் அப்படியே இருந்து வேலை காணாமல் போகப் பார்க்கும். இரண்டாவது வகைதான் ஆபத்தானது. ஆனால் எல்லோரும் முதல் வகைக்குத்தான் பதறுகிறார்கள்.

ஒரு சொல் பிரச்சினையை முதலில் தீர்த்துக்கொள்வோம். 'பட்டம்' என்று எழுதினால் பல்கலைக்கழகப் பட்டம் என்று பொருள்படும். உங்கள் எம்.ஏ. பல்கலைக்கழகம் கொடுத்தது, எந்த மாநிலச் சட்டமன்றமும் அதைத் தொட முடியாது. பெயருக்குப் பின்னால் என்.சி.சி. (நேஷனல் சர்டிஃபைடு கவுன்சலர்) என்று போட்டுக்கொள்கிறார்களே, அது 1982இல் தொடங்கிய தேசியச் சான்றளிப்பு வாரியம் கொடுப்பது. அரசு உரிமம் அல்ல, அதை மட்டும் வைத்துக்கொண்டு தொழில் நடத்த முடியாது. நாம் பேசுவது மூன்றாவதை, மாநில அரசு கொடுக்கும் உரிமத்தின் பெயரை. அதை 'உரிமப்பெயர்' என்றே சொல்லிக்கொண்டு போகிறேன்.

சரி, ஏன் இத்தனை பெயர்கள்? அமெரிக்காவில் தொழில் உரிமம் என்பது மாநிலங்களின் கையில் இருக்கிறது. ஆலோசகர்களுக்கென்று முதலில் உரிமம் கொண்டுவந்தது வர்ஜீனியா, 1976இல். கடைசியாக வந்தது கலிஃபோர்னியா. அங்கே மசோதா கையெழுத்தானது 2009 அக்டோபரில். இடையில் 33 ஆண்டுகள். இந்தக் காலத்தில் ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியாகச் சட்டம் எழுதியது. எழுதும்போது பக்கத்து மாநிலத்தைப் பார்த்து எழுதவில்லை. தன் ஊரில் ஏற்கெனவே உரிமத்தோடு இருந்த உளவியலாளர்கள், சமூகப் பணியாளர்கள், குடும்ப சிகிச்சையாளர்கள் ஆகியோரின் ஆட்சேபங்களைச் சமாளிக்கிற மாதிரி எழுதியது. 'கிளினிக்கல்' என்ற சொல்லைச் சேர்க்கலாமா, 'மென்டல் ஹெல்த்' என்று வரலாமா, 'தெரபி' என்று வரவே கூடாதா என்பதெல்லாம் பேரம் பேசி முடிவானவை. கலிஃபோர்னியாவையே எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே எல்.பி.சி.சி. உரிமம் பெற்றவர் தம்பதிகளுக்கோ குடும்பத்துக்கோ சிகிச்சை தர வேண்டுமென்றால் கூடுதல் பாடங்களும், 500 மணி நேர மேற்பார்வை அனுபவமும் தனியாகக் காட்ட வேண்டும். குடும்ப சிகிச்சையாளர்கள் வலுவாக வேரூன்றிய மாநிலம் அது. இந்த நிபந்தனை உரிமப்பெயரில் எங்கேயும் தெரியாது.

அதன் விளைவு, நான்கைந்து சொற்களைச் சீட்டுக்கட்டு மாதிரி கலைத்துப் போட்டு ஐம்பது மாநிலங்களுக்குப் பங்கிட்டதுபோல் இருக்கிறது. வேறு வேறு பெயர்கள் ஒரே வேலையைக் குறித்தால்கூடப் பரவாயில்லை, மனப்பாடம் செய்துகொள்ளலாம். ஒரே எழுத்துகள் நேர்மாறான பொருள் தருவதுதான் கொடுமை. எல்.பி.சி. என்றால் டெக்சஸில் முழு உரிமம் பெற்றவர். இல்லினாயிலும் ஒஹாயோவிலும் முதல் படியில் நிற்பவர். எல்.எம்.எச்.சி. (லைசென்ஸ்டு மென்டல் ஹெல்த் கவுன்சலர்) என்றால் ஃபுளோரிடா, மசாசூசெட்ஸ், வாஷிங்டன் மாநிலங்களில் தனித்து இயங்குபவர். நியூ மெக்சிகோவில் அதே எழுத்துகள் மேற்பார்வையின் கீழ் இருக்கும் தொடக்கநிலை ஆலோசகருக்கு. எல்.பி.சி.சி. இன்னும் மோசம். கலிஃபோர்னியா, ஒஹாயோ, கென்டக்கி மாநிலங்களில் கடைசி 'சி' கவுன்சலர். கொலராடோவில் அது 'கேண்டிடேட்', அதாவது இன்னும் முழு உரிமம் கிடைக்காத விண்ணப்ப நிலை. கலிஃபோர்னியாவில் பத்து வருடம் அனுபவம் உள்ளவரும் கொலராடோவில் போன மாதம் படிப்பை முடித்தவரும் ஒரே நான்கு எழுத்தைப் போட்டுக்கொள்ளலாம். எல்.ஏ.சி. கதையைக் கேட்டால் சிரிப்பு வரும்: ஆர்கன்சாவிலும் நியூ ஜெர்சியிலும் அது அசோசியேட் ஆலோசகர், கொலராடோவில் போதை அடிமைத்தன ஆலோசகர், வேறு பல இடங்களில் அக்குபங்சர் ஊசி போடுபவர்.

இந்தப் பின்னணியில் உங்கள் மாநிலத்தில் நடந்ததைப் பாருங்கள். வட கரோலினா 2019இல் சட்டத்தைத் திருத்தி, 2020 ஜனவரி 1 முதல் எல்.பி.சி.யை எல்.சி.எம்.எச்.சி. ஆக்கியது. மேற்பார்வையின் கீழ் இருந்த அசோசியேட்டுகளுக்கும், மேற்பார்வை செய்யத் தகுதி பெற்றவர்களுக்கும் அதே மாதிரி புதுப்பெயர் வந்தது. உரிமம் வழங்கும் வாரியமே தன் பெயரை மாற்றிக்கொண்டது. யாரும் மறுபடி தேர்வு எழுதவில்லை. பெயர் மாறியதால் நீங்கள் செய்துவந்த வேலையில் ஒன்றும் கூடவில்லை, குறையவுமில்லை. அப்புறம் எதற்கு இந்த மாற்றம் என்றால், 'புரொஃபெஷனல் கவுன்சலர்' என்ற பெயரைக் கேட்கிற பொதுமக்களுக்கு எதுவும் புலப்படுவதில்லை என்பது பழைய குறை. பள்ளியில் பாடத்தேர்வுக்கு வழிகாட்டுபவரும் கவுன்சலர், கடனைக் கட்டமைத்துக் கொடுப்பவரும் கவுன்சலர். 'கிளினிக்கல் மென்டல் ஹெல்த்' என்று சேர்த்தால் இவர் மனநோய்க்குச் சிகிச்சை தருபவர் என்று ஐயமில்லாமல் தெரியும்.

இதில் தொழிலுக்குள்ளேயே இரண்டு முகாம்கள் உண்டு. அமெரிக்க ஆலோசகர் சங்கமும் மாநில வாரியங்களின் கூட்டமைப்பும் சேர்ந்து நடத்திய நீண்ட ஒற்றுமை முயற்சியில், எல்லா மாநிலத்துக்கும் ஒரே பெயராக எல்.பி.சி.யைப் பரிந்துரைத்தார்கள். மனநல ஆலோசகர்களுக்கான தனிச் சங்கமோ 'கிளினிக்கல் மென்டல் ஹெல்த்' என்ற சொற்களில் உறுதியாக நிற்கிறது. முதல் கட்சியின் வாதம், நாம் எல்லோரும் முதலில் ஆலோசகர்கள், சிறப்புத்துறை அப்புறம் என்பது. இரண்டாவது கட்சியின் வாதம், காசு கொடுக்கிற இன்சூரன்ஸ்காரனுக்குப் புரிகிற பெயர் வேண்டும் என்பது. என்னைக் கேட்டால் நடைமுறையில் இரண்டாவது வாதம்தான் பலிக்கிறது. யூட்டாவும் அதே திசையில் பெயரை மாற்றியது; நியூ ஹாம்ஷயரிலும் வெர்மான்ட்டிலும் ஏற்கெனவே அந்தப் பெயர்தான். ஆனால் ஐம்பதும் ஒன்றாக மாறாதவரை, ஒவ்வொரு மாநிலமும் 'தெளிவுக்காக' மாற்றும்போது மொத்தக் குழப்பம் ஒரு படி ஏறுகிறது.

வேலை மாறாத பெயர் மாற்றம் என்றேனே, அதற்காகச் செலவு இல்லை என்று அர்த்தமில்லை. லெட்டர்ஹெட், விசிட்டிங் கார்டு, கதவுப் பலகை எல்லாம் சின்ன விஷயம். வாடிக்கையாளரிடம் கையெழுத்து வாங்கும் தொழில்முறை அறிமுகப் படிவம், தொழில் பொறுப்புக் காப்பீட்டுப் பத்திரம், தேசிய வழங்குநர் எண் (சிகிச்சை தருபவரை அடையாளம் காட்டும் அரசு எண்) பதிவு என்று ஒவ்வொன்றிலும் மாற்ற வேண்டும். வழங்குநர் எண் பதிவில் விவரம் மாறினால் 30 நாளுக்குள் திருத்த வேண்டும் என்பது கூட்டாட்சி விதி. அதிலும் ஒரு வேடிக்கை: அந்தப் பதிவின் தொழில் வகைப் பட்டியலில் 'கவுன்சலர் – மென்டல் ஹெல்த்' ஒரு வகை, 'கவுன்சலர் – புரொஃபெஷனல்' இன்னொரு வகை. நேற்றுவரை பின்னதில் இருந்தவர் இன்று முன்னதற்கு மாற வேண்டுமா என்று கேட்டு எனக்கு வந்த போன் அழைப்புகளுக்குக் கணக்கில்லை. ஒரு இன்சூரன்ஸ் நிறுவனம், பெயர் சொல்ல வேண்டாம், உரிமச் சான்றில் ஒரு பெயரும் தன் கோப்பில் இன்னொரு பெயரும் இருக்கிறது என்று ஒரு ஆலோசகரின் பில்களை இரண்டு மாதம் திருப்பி அனுப்பிக்கொண்டே இருந்தது. உரிம எண் அதேதான். ஆள் அதேதான். அவர் அந்த இரண்டு மாத வாடகையைக் கடன் வாங்கிக் கட்டினார்.

இப்போது மறுவகைக்கு, பெயர் அப்படியே இருந்து வேலை பறிபோகப் பார்ப்பதற்கு, வருகிறேன். 2019இல் மிச்சிகன் மாநிலத்தில் நடந்ததை ஆலோசகர்கள் எல்லோரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். அங்கே உரிமப்பெயர் எல்.பி.சி., பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் அதை வைத்திருந்தார்கள். முப்பது ஆண்டுகளாக நோயைக் கண்டறிந்தார்கள், உளவழிச் சிகிச்சை தந்தார்கள், இன்சூரன்ஸுக்குப் பில் அனுப்பினார்கள். ஆனால் அவர்களுக்கு 'நோய் கண்டறியலாம்' என்ற அனுமதி சட்டத்தின் வாசகத்தில் தெளிவாக இல்லை. சட்டத்தின் கீழ் எழுதப்பட்ட விதிகளில்தான் இருந்தது. உரிமம் வழங்கும் மாநிலத் துறை ஒருநாள் அந்த விதிகளைத் திருத்தக் கிளம்பியது. மூலச் சட்டம் கொடுக்காத அதிகாரத்தை விதி எப்படிக் கொடுக்கும் என்பது அவர்கள் கேள்வி. சட்ட நோக்கில் பார்த்தால் அபத்தமான கேள்வியும் அல்ல. ஆனால் அந்தத் திருத்தம் நிறைவேறியிருந்தால் எல்.பி.சி. என்ற பெயர் ஒரு எழுத்துக்கூட மாறாமல் இருந்திருக்கும். உள்ளே ஒன்றும் இருந்திருக்காது. நோய் கண்டறிய முடியாதவருக்கு இன்சூரன்ஸ் பணம் தராது. பணம் வராவிட்டால் கிளினிக் நடக்காது. சுமார் ஒன்றரை லட்சம் பேர் தங்கள் ஆலோசகரை இழக்கலாம் என்று அப்போது பேசப்பட்டது.

ஆலோசகர்கள் கொந்தளித்துத் தலைநகர் லான்சிங்கில் திரண்டார்கள். அக்டோபர் தொடக்கத்தில் பொது விசாரணை நடந்தது. அந்த மாதம் முடிவதற்குள் சட்டமன்றம் மசோதாவை நிறைவேற்றி, ஆளுநர் கிரெட்சன் விட்மர் கையெழுத்துப் போட்டார். நோய் கண்டறிதலும் உளவழிச் சிகிச்சையும் இப்போது சட்டத்திலேயே எழுதப்பட்டுவிட்டன. மசோதாக்கள் ஆமை வேகத்தில் நகர்கிற நாட்டில் இது ஆச்சரியமான வேகம். இதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒரு பழக்கம்: ஒரு மாநிலத்தின் உரிமத்தைப் பார்க்கும்போது பெயரைப் படிப்பதற்கு முன்னால், 'டயக்னோசிஸ்' என்ற சொல் சட்டத்தில் இருக்கிறதா, விதியில் இருக்கிறதா, எங்கேயுமே இல்லையா என்று தேடுவேன்.

நியூ யார்க்கில் எங்கேயுமே இல்லாமல்தான் இருந்தது. 2002இல் இயற்றிய சட்டம் எல்.எம்.எச்.சி. என்ற உரிமப்பெயரை உருவாக்கியது. கூடவே குடும்ப சிகிச்சையாளர், கலைவழி சிகிச்சையாளர், உளப்பகுப்பாய்வாளர் என்று மூன்று தொழில்களையும். ஆனால் இவர்களுடைய தொழில் வரையறையில் நோய் கண்டறிதல் என்று சொல்லவில்லை. அரசு அங்கீகாரம் பெற்ற பல அமைப்புகளில் வேலை செய்பவர்களுக்கு விதிவிலக்கு கொடுத்து, அந்த விதிவிலக்கை நீட்டி நீட்டியே இருபது வருடம் ஓட்டினார்கள். 2022இல் ஒருவழியாகத் திருத்தம் வந்தது. 2024 ஜூன் 24க்குப் பிறகு, தனித்து நோய் கண்டறியவும் அதன் அடிப்படையில் சிகிச்சைத் திட்டம் வகுக்கவும் வேண்டுமானால் எல்.எம்.எச்.சி. உரிமத்துக்கு மேல் 'நோய் கண்டறியும் சலுகை' என்று தனியாக வாங்க வேண்டும். கலைவழி சிகிச்சையாளர்கள் இந்தச் சலுகையில் சேர்க்கப்படவில்லை. அவர்கள் வருத்தம் இன்னும் தீரவில்லை. ஆக நியூ யார்க்கில் இன்று இரண்டு எல்.எம்.எச்.சி.க்கள் பக்கத்துப் பக்கத்து அறையில் உட்கார்ந்திருக்கலாம். ஒருவர் நோயின் பெயரை எழுதலாம். மற்றவர் எழுதக் கூடாது. கதவில் இருக்கும் எழுத்துகள் ஒன்றே. சலுகை வாங்கியவர்களில் சிலர் பின்னால் ஒரு 'டி' ('டயக்னோசிஸ்' என்பதைக் குறிக்க) சேர்த்துப் போட்டுக்கொள்கிறார்கள்.

பெயர் மாற்றத்தால் உண்மையாகவே பலன் கிடைத்த இடம் ஒன்று உண்டென்றால் அது தொடக்கநிலையில் இருப்பவர்களுடையது. முதுகலை முடித்து, தேர்வும் எழுதி, 3,000 மணி நேர மேற்பார்வைப் பணியைச் செய்துகொண்டிருப்பவரை டெக்சஸ் 'எல்.பி.சி. இன்டர்ன்' என்றது. கலிஃபோர்னியாவும் இன்டர்ன் என்றுதான் சொன்னது. இன்டர்ன் என்றால் கல்லூரியிலிருந்து கோடை விடுமுறையில் வந்து காபி வாங்கிக் கொடுப்பவர் என்றுதான் யாருக்கும் தோன்றும். தற்கொலை எண்ணத்தோடு வருகிற ஒருவர், எதிரில் இருப்பவர் 'இன்டர்ன்' என்று தெரிந்ததும் எழுந்து போய்விட்டால் அவரைக் குறை சொல்ல முடியுமா? கலிஃபோர்னியா 2018 ஜனவரி முதலும் டெக்சஸ் 2020 செப்டம்பர் முதலும் அதை 'அசோசியேட்' என்று மாற்றின. ஃபுளோரிடாவில் 'ரெஜிஸ்டர்டு இன்டர்ன்' என்ற வழக்கு தொடர்கிறது. வர்ஜீனியா 'ரெசிடென்ட் இன் கவுன்சலிங்' என்கிறது, கேட்க மருத்துவமனை மாதிரி மிடுக்காக இருக்கும். மிச்சிகனில் 'லிமிடெட்', மேரிலாண்டில் 'கிராஜுவேட்'. எல்லோரும் செய்வது ஏறக்குறைய ஒரே வேலை.

ஆனால் மிடுக்கான பெயர் கொடுத்த கையோடு சட்டம் ஒரு கடிவாளத்தையும் போடுகிறது. டெக்சஸ் அசோசியேட் தன்னை விளம்பரம் செய்தால் மேற்பார்வையாளரின் பெயரையும் சேர்த்துப் போட வேண்டும். வர்ஜீனியா ரெசிடென்ட் தன்னை புரொஃபெஷனல் கவுன்சலர் என்று சொல்லிக்கொள்ளக் கூடாது. நேரடியாகப் பில் போடவும் கூடாது. கலிஃபோர்னியாவில் அசோசியேட்டுக்குரிய ஏ.பி.சி.சி. என்ற சுருக்கத்தை மட்டும் விளம்பரத்தில் போட்டுவிட்டுப் போய்விட முடியாது. விரித்தெழுதிய பெயரும் கூடவே வர வேண்டும். 'எல்.பி.சி. அசோசியேட்' என்பதில் முதல் மூன்று எழுத்தை மட்டும் பெரிதாகவும் கடைசிச் சொல்லைப் பொடியெழுத்திலும் அச்சிட்ட கார்டுகளை நான் பார்த்திருக்கிறேன். அந்தச் சாமர்த்தியம் வேண்டாம். வாரியத்துக்கு வரும் புகார்களில் நிரூபிக்க மிகச் சுலபமானது இதுதான், கார்டே சாட்சி.

பெயரைப் பறித்த சட்டங்களும் உண்டு. வாஷிங்டன் மாநிலத்தில் 'ரெஜிஸ்டர்டு கவுன்சலர்' என்று ஒரு வகை இருந்தது. பட்டப்படிப்பு இல்லாமலேயே பதிவு செய்துகொள்ளலாம். பதிவுக்கும் தகுதிக்கும் வித்தியாசம் தெரியாத மக்கள் அரசே இவரைச் சோதித்து அனுப்பியிருக்கிறது என்று நம்பினார்கள். 2008இல் சட்டம் போட்டு, 2010 ஜூலையோடு அந்த வகையையே ஒழித்துவிட்டு, படிப்புக்கும் வேலை இடத்துக்கும் ஏற்பப் பல புதிய வகைகளாகப் பிரித்தார்கள். கொலராடோ இன்னும் ஒரு படி மேலே போனது. அங்கே 'ரெஜிஸ்டர்டு சைக்கோதெரபிஸ்ட்' என்று இருந்தவர்களின் பெயரை 2020இல் 'அன்லைசென்ஸ்டு சைக்கோதெரபிஸ்ட்' என்று மாற்றி, புதிதாக யாரையும் சேர்ப்பதை நிறுத்திவிட்டது. ஏற்கெனவே இருந்தவர்கள் தொழிலைத் தொடரலாம், ஆனால் 'உரிமமில்லாத' என்பதைத் தங்கள் பெயரிலேயே சுமக்க வேண்டும். கடுமைதான். ஆனாலும் வருகிறவருக்கு உண்மையைச் சொல்கிற பெயர் இந்தப் பட்டியலிலேயே அது ஒன்றுதான் என்று எனக்குப் படுகிறது.

பழைய எழுத்துகளைப் போட்டுக்கொள்ளலாமா என்ற உங்கள் கேள்விக்கு இப்போது பதில் சொல்லலாம். உரிமச் சட்டத்தில் இரண்டு பாதுகாப்புகள் இருக்கும்: ஒன்று பெயருக்கு, மற்றது தொழிலுக்கு. தொழிலைச் செய்யத் தகுதி இருந்தும் தவறான பெயரைப் போட்டுக்கொண்டால் முதலாவது மீறல்; பெயர் எதுவும் போடாமல் தொழிலைச் செய்தால் இரண்டாவது. நியூ யார்க் இந்த வித்தியாசத்தைத் தண்டனையிலேயே காட்டுகிறது: உரிமமின்றித் தொழில் செய்வது அங்கே 'ஃபெலனி' வகைப் பெருங்குற்றம், உரிமப்பெயரை அனுமதியின்றிப் பயன்படுத்துவது அதற்கு ஒரு படி கீழான சிறுகுற்றம். வட கரோலினாவில் உங்கள் எல்.பி.சி. இன்று சட்டத்தில் இல்லாத பெயர், அதைப் போடக் கூடாது. ஒஹாயோவில் அது சட்டத்தில் இருக்கிற பெயர், ஆனால் உங்களுடையது அல்ல, அதனால் அங்கேயும் போடக் கூடாது. வட கரோலினாவின் எல்.சி.எம்.எச்.சி.யை ஒஹாயோ அலுவலகக் கதவில் மாட்டினாலும், மாநிலப் பெயரைச் சேர்க்காவிட்டால், பார்ப்பவர் ஒஹாயோ உரிமம் என்றே எடுத்துக்கொள்வார்.

இந்தக் கட்டுப்பாட்டுக்கும் எல்லை இருக்கிறது. 2010இல் டெக்சஸ் மேலவைக்குப் போட்டியிட்ட ஒரு வேட்பாளர் தன் பிரசார இணையதளத்தில் தன்னை 'சைக்காலஜிஸ்ட்' என்று குறிப்பிட்டார். உரிமம் இல்லாமல் அப்படிச் சொல்லக் கூடாது என்று மாநில வாரியம் தடுத்தது. வழக்கு மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போய், 2016இல் அரசியல் பிரசாரத்தில் சொன்னது தொழில் பேச்சு அல்ல, கருத்துச் சுதந்திரத்தில் வரும் என்று தீர்ப்பானது. அவர் அங்கே யாருக்கும் சிகிச்சை தருவதாகச் சொல்லவில்லை. உங்கள் கதவுப் பலகைக்கு இந்தத் தீர்ப்பு உதவாது. அது வாடிக்கையாளரை அழைக்கிற பலகை.

அண்மைக் காலத்தில் வந்த இரண்டு மாற்றங்கள் உங்கள் கவலையைக் கொஞ்சம் குறைக்கும். ஒன்று மெடிகேர். 65 வயது தாண்டியவர்களுக்கான இந்த அரசுக் காப்பீடு பல பத்தாண்டுகளாக உளவியலாளர், சமூகப் பணியாளர் ஆகியோருக்குப் பணம் கொடுத்தது, ஆலோசகருக்குக் கொடுக்கவில்லை. பத்து வருடம் உங்களிடம் வந்தவர் 65ஆவது பிறந்தநாளன்று வேறு ஆளைத் தேட வேண்டியிருந்தது. 2022 டிசம்பர் இறுதியில் கையெழுத்தான சட்டம் இதை மாற்றி, 2024 ஜனவரி 1 முதல் வழிவிட்டது. தொகை, உளவியலாளருக்குக் கொடுப்பதில் 75 சதவீதம். பெயர்க் குழப்பத்தை அந்தச் சட்டம் எப்படிச் சமாளித்தது என்பதுதான் அழகு. 'மென்டல் ஹெல்த் கவுன்சலர்' என்று ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு, முதுகலையோ முனைவர் பட்டமோ இருக்க வேண்டும், அதன் பிறகு இரண்டு வருட மேற்பார்வைப் பணி (விதிகளின்படி 3,000 மணி நேரமும் போதும்) முடித்திருக்க வேண்டும், மாநிலம் மென்டல் ஹெல்த் கவுன்சலர் என்றோ கிளினிக்கல் புரொஃபெஷனல் கவுன்சலர் என்றோ புரொஃபெஷனல் கவுன்சலர் என்றோ உரிமம் கொடுத்திருக்க வேண்டும் என்று வரையறுத்துவிட்டது. தகுதியைப் பூர்த்தி செய்கிற போதை அடிமைத்தன ஆலோசகர்களும் இதே பெயரில் சேரலாம். மேற்பார்வை மணிகளை முடிக்காத அசோசியேட்டுகளுக்கு மட்டும் இடமில்லை.

இன்னொன்று, மாநிலங்களுக்கு இடையிலான ஆலோசகர் உடன்படிக்கை. 2021இல் ஜார்ஜியாவும் மேரிலாண்டும் தொடங்கிவைத்தன. 2022இல் பத்து மாநிலங்கள் சேர்ந்ததும் அது நடைமுறை வடிவம் பெற்றது. இப்போது முப்பதுக்கு மேல் சேர்ந்துவிட்டன, உங்கள் இரண்டு மாநிலங்களும் உட்பட. அதன் வாசகத்தில் ஒரு வரி எனக்கு மிகப் பிடிக்கும். புரொஃபெஷனல் கவுன்சலர் என்றால், மாநிலம் அவரை எந்தப் பெயரால் அழைத்தாலும் சரி, நடத்தை சார்ந்த நலப் பிரச்சினைகளைத் தனித்து மதிப்பிடவும், கண்டறியவும், சிகிச்சை தரவும் உரிமம் பெற்றவர் என்று அது சொல்கிறது. 'எந்தப் பெயரால் அழைத்தாலும்' என்று சட்டமே எழுதவேண்டி வந்ததில் முப்பது வருடக் களைப்பு தெரிகிறது. ஆனால் அதே வரியில் 'கண்டறிய' என்ற சொல் இருப்பதைக் கவனியுங்கள். மிச்சிகன் ஆலோசகர்கள் 2019இல் தோற்றிருந்தால் அந்த மாநில எல்.பி.சி. இந்த வரையறைக்குள்ளேயே வந்திருக்க முடியாது.

உடன்படிக்கையின்படியான அனுமதிகள் 2025 இறுதிவாக்கில்தான் அரிசோனா, மினசோட்டா என்று ஆரம்பித்தன. ஒவ்வொரு மாநிலமாகத்தான் இணைகிறது. மேலும் அது வீட்டை மாற்றாமல் வேறு மாநிலத்தவருக்குச் சேவை தருபவர்களை மனத்தில் வைத்து எழுதியது. நீங்கள் குடிபெயர்வதால் ஒஹாயோவே உங்கள் சொந்த மாநிலமாகிவிடும். அங்கே உரிமம் எடுத்துத்தான் ஆக வேண்டும். எந்த உரிமத்துக்கு விண்ணப்பிப்பது என்பதில் தடுமாற வேண்டாம். பழைய எழுத்துகள் எல்.பி.சி. என்பதால் எல்.பி.சி. படிவத்தை எடுத்து நிரப்பிவிடாதீர்கள். அப்படிச் செய்து, பத்து வருட அனுபவத்தோடு மேற்பார்வையின் கீழ் போய் உட்கார்ந்த ஒருவரை எனக்குத் தெரியும். உங்களுக்குரியது எல்.பி.சி.சி. ஏற்கெனவே வேறு மாநிலத்தில் தனித்து இயங்கும் உரிமம் உள்ளவருக்கான வழியில் அதற்கு விண்ணப்பியுங்கள். வட கரோலினாவில் இருக்கும் பழைய வாடிக்கையாளர்களை வீடியோவில் தொடர நினைத்தால் அந்த மாநில உரிமத்தையும் புதுப்பித்துக்கொண்டே வாருங்கள். கணக்கு, வாடிக்கையாளர் உட்கார்ந்திருக்கும் இடத்தை வைத்துத்தான்.

கடைசியாக ஒரு காகித வேலை. உங்கள் மேற்பார்வை மணிகளுக்கான படிவங்களில் 2020க்கு முந்தைய பெயர்தான் இருக்கும். கையெழுத்துப் போட்டவரின் பெயருக்குப் பின்னாலும் பழைய எழுத்துகளே இருக்கும். ஒஹாயோ வாரியத்தில் அதைப் பிரித்துப் பார்க்கிறவர் 'எல்.பி.சி. அசோசியேட்' என்று படித்துவிட்டு, தன் மாநில எல்.பி.சி.யோடு முடிச்சுப் போடக்கூடும். வட கரோலினா வாரியத்திடம் உரிமச் சரிபார்ப்புக் கடிதம் கேட்கும்போதே, இந்த உரிமம் முன்பு இன்ன பெயரில் இருந்தது, இன்ன தேதியில் சட்டப்படி பெயர் மாறியது, இடையில் முறிவில்லை என்ற வாசகத்தையும் சேர்த்துத் தரச் சொல்லுங்கள். பழைய பெயருள்ள சான்றிதழைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.